மூடி போட்டாச்சா என்று சத்தமாகக் கேள்

ஆர்கன்சா
மே 6, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரேலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே மினசோட்டாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். லொரெட்டா அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு ஊன்றுகோலோடு வந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். தக்காளி நாற்று நட்டுவிட்டேன். நம் பிஸ்கட் நாய் இன்னும் உன் அறைக் கதவுக்கு முன்னால்தான் படுக்கிறது. உன் அப்பா தீவனக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் பொண்ணு சொந்தக் காசுல படகு வாங்கப் போறா, உங்க வீட்டுப் பசங்க இன்னும் கரையிலதான உக்காந்து தூண்டில் போடுறானுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எந்த வேலையிலும் கவனமில்லை. நேற்று பீன்ஸ் வேகவைத்து உப்பே போடாமல் மேசையில் வைத்திருக்கிறேன், உன் அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை ஏரிக்கரையில் யாரோ ஒருவரிடம் பதினாறடி அலுமினியப் படகு பார்க்கப் போகிறேன், பிடித்திருந்தால் அப்போதே தண்ணீரில் இறக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வாங்கிவிடுவேன், தனியாகத்தான் போகிறேன் என்றாய். போன மாதம் வரை பனிக்கட்டி மூடிக் கிடந்த ஏரி. நான் சரி, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். போனில் நான் அப்படித்தான், உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

ஏப்ரலில் நாங்களும் ஒரு படகு பார்க்கப் போனோம், பிடிக்கவில்லை என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா. நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. விற்றவர் பெயர் கேலன் டீக், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், கெட்ட மனிதர் இல்லை. பச்சைப் பெயின்ட் அடித்த படகு, தரையில் புதுக் கம்பளம், பின்னால் பெரிய கறுப்பு மோட்டார். உன் அப்பா அந்த மோட்டாரைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பள்ளி அலுவலகத்தில் நாள் முழுக்க விண்ணப்பத் தாள் சரிபார்க்கிறவள், எழுதியிருப்பதைவிடக் காலியாக விட்ட கட்டம்தான் என் கண்ணில் முதலில் படும். ஓட்டுகிற இருக்கைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று இருந்தது, நாலு மூலையிலும் நாலு ரிவிட் ஓட்டை. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு பெரிய மோட்டார் மாட்டலாம் என்று எழுதிய தகடு இருக்க வேண்டிய இடம் அது. பார்த்தேன். கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பாஸ் மீன் இப்போது கரையோரம் முட்டையிட வந்துவிட்டதா, புழு போடுவதா ரப்பர் தவளை போடுவதா என்று பேச்சில் மூழ்கியிருந்தார்கள். நடுவில் புகுந்து ஒரு பெண்பிள்ளை தகடு எங்கே என்று கேட்டால் சிரிப்பார்களோ என்று இருந்தது.

"டேங்க் ரொம்பித்தான் இருக்கு அண்ணே, ஒரு சுத்துப் போயிட்டு வந்து அப்புறம் பேசுவோம், மேடமும் வரட்டும், காத்தாட இருக்கும்" என்றார் டீக். படகு ஏற்றிய டிரெய்லரை ஏரிக்கரைச் சரிவில் இறக்கும்போதும் பேச்சு நிற்கவில்லை. உன் அப்பா "போன வருசம் நான் பிடிச்ச மீன் உங்க முழங்கை நீளம் இருக்கும்" என்க, அவர் "என் முழங்கையா, உங்க சுண்டுவிரலா?" என்க, ஒரே சிரிப்பு. படகின் பின்பக்கம் அடியில், உள்ளே சேர்கிற தண்ணீர் வடிவதற்கு ஒரு ஓட்டை உண்டு, கரையில் நிற்கும்போது அதன் மூடியைக் கழற்றி வைப்பார்கள், இறக்கும் முன் மறக்காமல் திருக வேண்டும். அந்தப் பித்தளை மூடி டீக்கின் வண்டிக்குள் முன்கண்ணாடி ஓரமாக வெயிலில் கிடந்தது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் நாற்பது வருடம் மீன்பிடித்தவர்கள்.

உன் அப்பா முன்னால் பெட்டி மூடிமேல் உட்கார்ந்தார், லைஃப் ஜாக்கெட் மூன்றும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. நான் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில். படகுத்துறையைத் தாண்டும்வரை மெதுவாகத்தான் போக வேண்டும் என்பது சட்டம், மெதுவாகவே போனோம். முதலில் என் செருப்பின் அடி குளிர்ந்தது. தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். சின்னத் தீவைத் தாண்டும்போது கம்பளம் காலுக்குக் கீழே லேசாக எழும்பியது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன், ரே. இப்படித்தான் இருக்கும்போல, அவர்களுக்குத் தெரியாதா என்று உட்கார்ந்திருந்தேன். முப்பது வயதில் கல்லூரிக்குப் போன முதல் நாள் தப்பான வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, எழுந்து போனால் எல்லாரும் பார்ப்பார்களே என்று ஒரு மணி நேரமும் எனக்குச் சம்பந்தமில்லாத கணக்கை நோட்டில் எழுதினேனே, அதே மாதிரி. நம் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாய் திறக்க மட்டும் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

ஆழமான இடத்துக்கு வந்ததும் தூண்டில் போட்டுப் பார்க்கலாம் என்று டீக் மோட்டாரை அணைத்தார். உள்ளே சேர்ந்த தண்ணீரெல்லாம் ஒரேயடியாக என் பக்கம் வந்தது. முட்டிக்குக் கீழே ஐஸ் மாதிரி. உன் அப்பா ஏதோ சொல்லத் திரும்பியவர் என் காலைப் பார்த்தார். டீக்கின் முகம் வெளுத்துப்போய் "அட கடவுளே, மூடி!" என்றார். மோட்டாரைக் கிளப்பி வேகம் கொடுத்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று முறுக்கினார். அந்தப் படகுக்கு அந்த மோட்டார் மிக அதிகக் கனம், ஏற்கெனவே பின்பக்கம் தாழ்ந்திருந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்க்க எழும்பியது, என் முதுகுக்குப் பின்னால் ஏரியே உள்ளே ஏறி வந்தது. உன் அப்பா பெட்டியைத் திறக்கப் பார்த்துச் சறுக்கி விழுந்தார். அவருக்கு நீச்சல் எவ்வளவு தெரியும் என்று உனக்குத் தெரியும். டீக் எப்படியோ கரையோரப் புதர்ப் பக்கம் திருப்பிவிட்டார், மோட்டார் இருமி அணைந்தது, நாங்கள் தண்ணீருக்குள் இருந்தோம். கால் சேற்றில் பட்டது, மார்பளவு. இன்னும் நாற்பதடி உள்ளே என்றால் கால் பட்டிருக்காது. உன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நான் கத்தினேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அவருடைய உதடு நீலமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கரையில் நடுங்கிக்கொண்டு நின்றபோது டீக் என்னைப் பார்த்து "மேடம், உங்க காலுதான தண்ணிக்குள்ள இருந்துச்சு, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, "மூடிய வண்டிக்குள்ள வச்சுட்டு வந்தவரு நீங்க, அவளக் கேக்குறீங்களா?" என்றார். தகட்டைப் பற்றி அப்போதுதான் பேச்சு வந்தது, "பெரிய மோட்டாரு மாட்டுனப்ப கழட்டிப் போட்டேன், எல்லாரும் செய்யுறதுதான" என்றார் அவர். வீட்டுக்கு வந்து போர்வைக்குள் உட்கார்ந்த பிறகு உன் அப்பா மெதுவாக, "உனக்கு எப்பத் தெரிஞ்சுது டீயன்னா?" என்று கேட்டார். அப்போதுதான், உங்களுக்குத் தெரிந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது என்றேன். பொய். அவர் மேலே கேட்கவில்லை. இதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

எனக்குப் படகைக் கண்டு பயமில்லை ரே, நீ என் மகள் என்பதுதான் பயம். ஆறு வயதில் தேனீ கொட்டிக் கை வீங்கியும், பள்ளிப் பேருந்தில் வீடுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தவள் நீ. அந்த மனிதர் நல்லவராகத்தான் இருப்பார், சிரித்துப் பேசுவார், நீயும் தலையாட்டுவாய், அங்கேதான் எனக்கு உதறுகிறது. தகடு இருக்கிறதா என்று பார், மோட்டாரின் குதிரைத்திறன் தகட்டில் எழுதிய அளவைத் தாண்டாமல் இருக்கிறதா பார், தகடே இல்லையென்றால் எத்தனை மலிவானாலும் நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறு. மோட்டார் தொங்குகிற பின்பலகையைக் கட்டைவிரலால் அழுத்து, அமுங்கினால் உள்ளே மரம் மக்கியிருக்கிறது. டிரெய்லரில் நிற்கும்போதே மூடியைப் போட்டுவிட்டுக் குழாயால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல், ஒழுகுகிற ரிவிட் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டுக்கொள், பெட்டிக்குள் இருக்கிற ஜாக்கெட் யாருக்கும் உதவாது. ஓட்டும்போது மோட்டாரை நிறுத்துகிற அந்தச் சிவப்புக் கயிற்றை உன் இடுப்பில் மாட்டு. கால் ஈரமானால், ஒரு விரல் ஈரமானால்கூட, சொல். தப்பாகச் சொல்லிவிட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதானே.

இந்த உறையில் கனமாக இருப்பது இரண்டு மூடி. ஒன்று பித்தளை, ஒன்று ரப்பர், உன் படகுக்கு எது பொருந்தும் என்று தெரியாததால் இரண்டும். தூண்டில் கடைக்கு நான் தனியாகப் போனேன். கடைக்காரப் பையன் "வீட்டுக்காரருக்கா மேடம்?" என்றான். கடையில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். என் மகளுக்கு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன், காது சூடாகிவிட்டது. பொருந்துவதை உன் வண்டிச் சாவியிலேயே கோத்துக்கொள், சாவியைத் தொடும்போதெல்லாம் கையில் படும். சனிக்கிழமை தண்ணீரில் இறங்கும் முன் ஒரு போன், கரை ஏறிய பிறகு ஒரு போன். நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். உன்னைத் தண்ணீரும் காற்றும் பத்திரமாகக் கரையில் விடட்டும், கடவுள் உன் கையை விடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா டீயன்னா

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். வந்து, "எனக்குத் தெரியும் டீயன்னா, தீவுகிட்டயே நீ பையத் தூக்கி மடியில வச்சதப் பாத்தேன்" என்றார். அப்புறம் ஏன் படகிலேயே கேட்கவில்லை என்றேன். "வேத்து ஆளு முன்னால கேட்டா நீ கூச்சப்படுவியேன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்காக அவர், அவர்களுக்காக நான். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டே மூழ்கப் பார்த்தோம், ரே. நீ சத்தம் போடு.