இடுக்கியைக் கீழே வையுங்கள்

டுலூத்,
ஜனவரி 9

வெஸ்லிக்கு,

மறுவாழ்வு மையத்தில் குடியை விடப் போகிற மனிதர் யாராவது, அதற்குப் பத்து நாள் முன்பு இரண்டு போவா பாம்புகளை வாங்கி வருவாரா? நீங்கள் வாங்கினீர்கள். என் மகள் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஆக, எழுபது வயதில் நான் பாம்பு மேய்க்கிறேன். அங்கே போன் கூடாதாம், அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

போன வாரம் இரண்டுக்கும் கண்ணில் பால் படிந்த மாதிரி இருந்தது. எனக்கு வந்த புரை இவற்றுக்கும் வந்துவிட்டதென்று கலங்கிப்போனேன். பிறகு பார்த்தால் சட்டை உரிக்கிறது. உரிக்கிற லட்சணமா அது! துண்டு துண்டாகக் கிழிந்து, வாலில் பட்டை பட்டையாக ஒட்டிக்கிடக்கிறது. இரண்டில் ஹில்டாவின் வலக்கண் மேல் பழைய தோல் அப்படியே நிற்கிறது. என் புருவ இடுக்கியை எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறன்று சர்ச்சுக்குப் போய் வந்ததும் மெல்ல இழுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் மனைவி காரின் நலமாக இருக்கிறாள். உங்களுக்கு எழுதச் சொன்னேன். "எழுத என்னம்மா இருக்கு?" என்றாள்.

ஆர்லீன்


ஜனவரி 12

அன்புள்ள அத்தைக்கு,

இடுக்கியைக் கீழே வையுங்கள். அதைச் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக் கண்ணாடி போல ஒரு தோல்தான் உண்டு. பழையதை இழுக்கும்போது அடியில் இருக்கும் புதியதும் பிய்ந்தால் கண் போய்விடும். ஹீட்டர் காற்று வறண்டது, அதனால்தான் சட்டை கிழிகிறது. ஒரு டப்பா மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரப் பாசியைப் பிழிந்து நிரப்பிக் கூண்டில் வையுங்கள். அவை தாமாகவே போய்ப் படுத்துக்கொள்ளும். வாலை மட்டும் ஈரத் துணிக்குள் நழுவ விடுங்கள். கண்ணின் தோல் அடுத்த சட்டையோடு வரும். வராவிட்டால் டாக்டரிடம் போகலாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், முன்பு எங்களிடம் இருந்த பூட்ஸ் என்ற பாம்பின் கண்ணைப் பிய்த்தவன் நான்தான். குடித்திருந்தேன். காரினிடம் ஏதோ நோய் என்று சொல்லிவிட்டேன். பாவம், மூன்று மாதம் தினமும் மருந்து போட்டாள். இதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

வெஸ்லி


டுலூத்,
பிப்ரவரி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது. ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பினோம்.

அப்புறம் ஐந்து வாரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும். இன்று காலை ஹில்டா பாசி டப்பாவை விட்டு வெளியே வந்தாள். சட்டை காலுறை கழற்றின மாதிரி முழுசாகப் பின்னால் கிடந்தது. நான் போட்ட கூச்சலில் காரின் ஓடி வந்தாள். அந்த அறைக்குள் வந்ததே இதுதான் முதல் தடவை. தலைப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் வந்துடுச்சும்மா. வலது பக்கம் பாரு, ரெட்டையா இருக்கு!"

பழையதும் சேர்ந்தே வந்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நிம்மதி! அந்தச் சந்தோஷத்தில், வருவது வரட்டும் என்று உங்கள் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். நீங்கள் கோபித்தாலும் சரி.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"மருந்து போட்ட மூணாம் நாளே எனக்குத் தெரியும்மா. அவன் வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

பிறகு நீங்கள் வெளியே வரும் தேதியைக் கேட்டாள். மார்ச் நான்கு என்றேன்.

"பனி கொட்டினாலும் நானே போய்க் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

உங்கள் அத்தை,
ஆர்லீன்