தீராத புளியங்கொட்டை

1996 ஜனவரி 9

அடையாறு டாக்டர் அஃப்சருன்னிசாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் வழக்கம்போல் நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இவர் தோள், முழங்கை, இடுப்பு என்று அங்கங்கே அழுத்திப் பார்த்தார். நான் துள்ளியதையும் பார்த்தார். "இதுக்குப் பேர் ஃபைப்ரோமயால்ஜியா. வலி நிஜம்மா. நீங்களா கற்பனை பண்ணிக்கல."

அங்கேயே அழுதுவிட்டேன். இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதானே இத்தனை வருஷமாக அலைந்தேன்!

மருந்து கொஞ்சம்தான். நடக்க வேண்டுமாம். நடக்காவிட்டால் இருக்கிற நடையும் போய்விடுமாம். சமையலறையிலிருந்து கூடத்துக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் நான்.

ஜனவரி 10

மாமியார் கேசவப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். நான் நூற்றெட்டுப் பிரதட்சணம் பண்ணுவேனாம். யார் காலை நம்பி வேண்டிண்டார்? கேட்டால் சண்டை வரும். கேட்கவில்லை.

ஜனவரி 21

காலையில் எழுந்தால் வலி இல்லை. இல்லவே இல்லை! விட்டேனா? கோயிலுக்குப் போய்ச் சுற்று சுற்றென்று சுற்றினேன். வெளியே வந்ததும் பூக்கார முனியம்மாள், "இன்னா மாமி, ரயிலு மாதிரி சுத்திக்கினு இருந்தே!" என்று சிரித்தாள். இப்படியே போனால் வாரக் கடைசிக்குள் வேண்டுதல் தீர்ந்துவிடும்.

ஜனவரி 22

எழுந்திருக்க முடியலை.

ஜனவரி 27

இன்றுதான் மறுபடி பேனா பிடிக்க முடிகிறது. இத்தனை நாளும் அம்மாதான் — மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறேன் — தலை வாரிவிட்டார். "என் வேண்டுதல்தாண்டி ஹம்சா உன்னைப் படுத்தறது" என்று மூக்கைச் சிந்தினார். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இனி நடக்கவே மாட்டேனோ? நாற்பத்திரண்டு வயசுதானே ஆறது எனக்கு?

ஜனவரி 31

டாக்டர் திட்டினார். "நல்லா இருக்கிற நாள்லதான் நீங்க தப்பு பண்றீங்க. தினம் ஒரே சுத்து. இன்னும் முடியும்னு தோணும்போதே வீட்டுக்கு வந்துடுங்க. வலிக்கிற நாள்லயும் பாதியாவது நடங்க."

அப்போ வேண்டுதல்? அம்மாவே வழி சொன்னார்: "பெருமாள் எங்கே ஓடிப் போயிடப் போறார்? ஒண்ணொண்ணா வாங்கிப்பார்." நூற்றெட்டுப் புளியங்கொட்டையை எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். அன்றைக்கு ஓடினதெல்லாம் சேர்த்தியில்லையாம். சுற்றுக்கு ஒரு கொட்டை எடுப்பது அவர் பொறுப்பு. இந்த வலி வந்ததிலிருந்து எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவில் நிற்பதில்லை, நானா எண்ணப் போகிறேன்?

பிப்ரவரி 6

ஒரு சுற்றோடு திரும்புவதுதான் கஷ்டம். கால் இன்னும் கேட்கிறது. திரும்பிவிட்டேன். முனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை: "வந்ததும் கெளம்பிட்டியே, சாமியாண்ட கோச்சுக்கினியா?"

பிப்ரவரி 19

மோசமான நாள். பாதிச் சுற்றில் தூணில் சாய்ந்துவிட்டேன். ஆத்துக்காரர் துணைக்கு வந்திருந்தார். தாங்கிப் பிடித்தால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்று உற்சவ நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். நான் நகர்ந்ததும் நகர்ந்தார். இப்படி ஒருத்தர் எனக்கு வாய்த்தாரே!

ஏப்ரல் 3

இரண்டு சுற்று. டாக்டர் சொல்லித்தான்.

மே 12

மொட்டை மாடிக்கு ஏறித் துணி உலர்த்தினேன். வலி போகவில்லை. வலியோடுதான் ஏறினேன். ஆனால் ஏறினேன்.

ஜூன் 16

அலமாரியைத் துடைக்கும்போது பாட்டிலைப் பார்த்தேன். இன்னும் பாதிக்குமேல் கொட்டை. எங்கேயோ உதைத்தது. கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சித்திரையிலேயே நூத்தெட்டு ஆயிடுத்துடி. சொன்னா நீ பழையபடி படுத்துண்டுடுவியோன்னு பயம். நான்தான் அப்பப்போ ஒரு பிடி போட்டுண்டிருந்தேன்."

"பெருமாளை ஏமாத்தலாமாம்மா?"

"அவருக்குக் கணக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன்."

சிரித்தேனா, அழுதேனா? இரண்டும்தான். இந்த மனுஷியையா அன்றைக்கு மனசுக்குள் கரித்துக்கொட்டினேன்!

ஜூன் 17

விடியும்போதே தோளும் இடுப்பும் பிடுங்கி எடுத்தன. வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே, படுத்திருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அம்மாவும் காப்பியை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுந்து போய் அரைச் சுற்று சுற்றிவிட்டு வந்தேன். வந்ததும் முறத்திலிருந்து ஒரு பிடி கொட்டையை அள்ளிப் பாட்டிலில் போட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "எத்தனைடி போட்டே?"

"எண்ணலைம்மா."