ஒரே பைனாகுலர்

அக்கா வீட்டில் இருப்பவளுக்கு,

அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நீ எப்போது திரும்புவாய் என்று கேட்க மாட்டேன், பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை சதுப்புநிலச் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். வாரம் முழுக்க லாரி ஓட்டிய முதுகு, மரப்பலகைப் பாதையில் பாதி தூரத்திலேயே கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. பறவை பார்க்கும் குடிலில், நாம் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் போய் விழுந்தேன். தண்ணீரில் வெள்ளையாக ஏதோ ஒன்று என்னைவிட அசதியாக நின்றது. கொக்கு என்று வைத்துக்கொண்டேன். பார்த்து முடித்ததும் பழக்கதோஷத்தில் பைனாகுலரை இடப்பக்கம் நீட்டினேன்.

அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா வாங்கிக்கொண்டார்.

"ஐயையோ, என்னங்க இது, ஒரே மங்கலா இருக்கு! இதுலயா இவ்ளோ நேரம் பாத்தீங்க?"

அந்த ஃபோகஸ் நீ உன் கண்ணுக்கு வைத்தது. திருகைத் தொட்டால் சண்டைக்கு வருவாய் என்று நான் தொட்டதே இல்லை. இத்தனை வருஷமும் எனக்குக் கொக்கு என்றால் வெறும் வெள்ளைக் கறைதான். நீ பக்கத்திலிருந்து சொல்லச் சொல்லத்தான் அதற்கு மூக்கும் காலும் முளைக்கும்.

அந்த அம்மா நல்ல மனதோடு திருகிச் சரிசெய்து தந்தார். இறகு இறகாகத் தெரிந்தது. சொல்ல ஆளில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைப் பழையபடி மங்கலாக்கப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நீதான் வந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வலப்பக்கத்தில் உட்காருகிறவன்