'மறுபடியும்' என்று தொடங்கும் சரணம்

அன்புத் தோழிக்கு,

இந்த நேரத்தில் உன் போன் சத்தம் போட்டு எழுப்பியிருந்தால் மன்னித்துக்கொள். பேசலாம் என்றால் பக்கத்து அறையில் அத்தை படுத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

காலேஜ் ஆண்டு விழாவுக்கு நீ எழுதி நான் பாடினேனே ஒரு பாட்டு, அதைத்தான் தினமும் பாப்பாவுக்குப் பாடுகிறேன். முதல் சரணம் மட்டும்தான் நினைவிருக்கிறது. 'விளக்கணைந்த வீட்டுக்குள்ளே என் பேரை நானே மறந்தேன்' என்று வருமே, அது. பாட்டில் வருகிற அந்தப் பெண் எழுந்து வெளியே வருகிற இரண்டாவது சரணம் 'மறுபடியும்' என்று தொடங்கும். அதற்கு மேல் வரவில்லை. 'மறுபடியும்' என்று பாடிவிட்டு முதல் சரணத்துக்கே திரும்பிப் போய்விடுகிறேன்.

"ஏட்டி, பிள்ளைக்குத் தாலாட்டு பாடுதியா, ஒப்பாரி வைக்கியா?" என்று அத்தை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுப் பக்கம் திறக்கிற பின்கதவுச் சாவியை இன்று அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

"என்னத்துக்கு? கள்ளனா வாரான்?"

"ராத்திரி நானே வந்து கேட்டாலும் தராதீங்க அத்தை."

இதற்கு அவர்கள் சிரிக்கவில்லை.

அவருக்குத் திருப்பூரில் நைட் ஷிப்ட். போனில் பாப்பாவைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

அந்தச் சரணத்தை அனுப்பு. மறந்திருந்தால் புதிதாக எழுது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு விடியற்காலையிலேயே பஸ் இருக்கிறது, நீயே வந்து பாடினாலும் சரி.

சீக்கிரம் பதில் போடு.

உன் பாட்டுக்காரி