நான்கு விநாடித் தாமதம்

மார்ச் 3
பயிற்சி மையத்துப் பிள்ளைகள் எதையும் நிறுவாமல், பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்டி, லிங்க்காக அனுப்ப ஒரு தளம் வேண்டுமாம். ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை மேலாளர் எனக்கும் புதிதாகச் சேர்ந்த சுருட்டைமுடிக்கும் கொடுத்தார். யார் சொல்வது எடுபடுகிறதோ அவருக்கே கணினி ஆய்வகப் பொறுப்பு. பதினோரு வருடம் இங்கே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். அவள் இன்னும் முளைச்சு மூணு இலை விடல, போட்டிக்கு வந்துட்டா!

மார்ச் 5
மூன்று தளம் பார்த்தேன். ஒன்று, கணக்குத் தொடங்காவிட்டால் வாசலிலேயே நிறுத்துகிறது. இன்னொன்று, பத்து நிமிடம் தொடாவிட்டால் தூங்கிவிடுகிறது. மூன்றாவது பரவாயில்லை. எங்கள் பழைய கணினிகளில் கொஞ்சம் திணறும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மார்ச் 6
என் கண்ணிலேயே படாத நான்காவது ஒன்றைப் பிடித்திருக்கிறாள். கணக்கு வேண்டாம், சொடுக்கியதும் ஓடுகிறது. மேலாளருக்குக் காட்டுமுன், அதில் எழுதிய மாதிரி நிரலின் லிங்க்கை எனக்கு மட்டும் அனுப்பி, "அக்கா, நீங்க சரின்னு சொன்னா எனக்குத் தைரியம்" என்றாள். வயிறு எரிந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 7
பார்க்க மட்டும் என்று வைக்காமல், திருத்தவும் விட்டிருக்கிறாள், அசடு. அவள் நிரலின் நடுவே ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினால் அந்த இடத்தில் நான்கு விநாடி சும்மா நிற்கும். அவ்வளவுதான்.
அவ்வளவுதானா?

மார்ச் 8
மேலாளர் முன் ஓட்டினாள். நின்றது. மறுபடியும் நின்றது. "நேத்து நல்லா ஓடுச்சு சார்" என்றாள், முகம் சிவந்து. தளம்தான் மெதுவு என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். பொறுப்பு எனக்கு. வீட்டுக்காரர் வாழ்த்தினார். கேட்காததுபோல் பாத்திரம் கழுவப் போனேன்.

மார்ச் 10
அந்த வரியை எடுக்கப் போனேன். ஏற்கெனவே எடுத்திருந்தாள்.

மார்ச் 12
எத்தனை நாள்தான் முகம் பார்க்காமல் ஒதுங்குவது? நான்தான் அதைச் செய்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.
"தெரியும்க்கா. அந்த லிங்க் உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு."
பிறகு ஏன் மேலாளரிடம் சொல்லவில்லை என்றேன்.
"சொன்னா, பிள்ளைங்க முன்னாடி நீங்க எப்படி நிப்பீங்க?"
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதுலயும் என்னை ஜெயிச்சுட்டாளே, பாவி.

மார்ச் 13
காலையில் மேலாளரிடம் நானே சொன்னேன். பொறுப்பு அவளுக்கு. வகுப்புக்கு முன் எல்லாக் கணினியிலும் அவள் சொன்ன தளத்தைத் திறந்து வைத்தேன். பழைய கணினியில்கூட நன்றாகத்தான் ஓடுகிறது. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.