பரிசீலனையில் இருந்த மனு

பாவா,

கையில் இன்னும் அந்துருண்டை வாசம் அடிக்கிறது. போன வாரம் அக்கா உங்கள் பீரோவைத் திறந்து, "இதுங்கள யாருக்காச்சும் குட்துடு, பாத்தாலே அழுக வருது" என்று சால்வைகளை என் மடியில் போட்டாள். எல்லாம் நீங்கள் அதிகாரிகளுக்குப் போர்த்தி, அவர்கள் உங்களிடமே திருப்பிக் கொடுத்தவை. பச்சைச் சால்வையை உதறினேன். உள்ளேயிருந்து ஒரு ஃபைல் விழுந்தது. நம் மனு. நகல் இல்லை, அசல்.

தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் எதிரே இருந்திருந்தால் நிச்சயமாக என் தலையில் அடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களைக் காப்பாற்றத் தனிச்சட்டம் வேண்டும் என்று கேட்கத் தலைமைச் செயலகம் போனோமே, அந்த நாளை எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். திருத்தணியில் காலை ரயில் ஏறியதிலிருந்து நீங்கள் பேசியதெல்லாம் சால்வையைப் பற்றித்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊருக்கே மனு எழுதுகிறவள் நான். "மொதல்ல தபால் பிரிவுல சீல் வாங்கிடலாம் பாவா" என்றேன். "அதெல்லாம் அவுங்களே போட்டுக்குவாங்கம்மா. வெறுங்கையோட போனாத்தான் மரியாதையா இருக்காது" என்றீர்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நாற்காலி காலியாகவே கிடந்தது, நீங்கள் உட்காரவில்லை.

அதிகாரி வந்தார். சால்வை போர்த்தினீர்கள். ஃபைலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தாயிற்று. அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. சால்வையைக் கழற்றிச் சுருட்டி, "நீங்களே வச்சிக்குங்க பெரியவரே" என்று உங்கள் கையில் வைத்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டீர்கள். அதோடு மனுவும் திரும்பி வந்திருக்கிறது. கசங்கக்கூடாது என்று அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்ற நானும் பார்க்கவில்லை. என்னை என்ன சொல்வது.

உங்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாதா? நீங்களும் அக்காவும் மலைமேல் மாலை மாற்றிக்கொண்டு வந்தபோது எங்கள் வீட்டில் உங்களை பாவா என்று கூப்பிட்டவள் நான் ஒருத்திதான். நைனா சாகிறவரை "அந்தாளு" என்றே சொன்னார். "நம்ம சாமி வேடர் வூட்ல பொண்ணு கட்டும்போது யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்டல" என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அதிகாரியின் முன்னால் அந்த வாய் எங்கே போகுமோ.

நாம் மனு கொடுக்கப் போன சமயத்தில் செல்வியும் அவள் புருஷனும் கே.ஜி.கண்டிகையில் உங்கள் வீட்டில்தான் ஒளிந்திருந்தார்கள். பதிவுக் கல்யாணம் முடித்துவிட்டுப் போக இடமில்லாமல் வந்தவர்கள். அந்தப் பையன் பெங்களூர் போய்விடலாம் என்று துடித்தான். நீங்கள்தான் தடுத்தீர்கள். "மனு உள்ள போயிட்ச்சிப்பா. இனிமே போலீஸே பாத்துக்கும். நீங்க எதுக்கு ஓடணும்?" என்றீர்கள். செல்வி தினமும் சாயந்திரம் கேட்பாள்: "இன்னாண்ணா, சட்டம் வந்துச்சா?"

"ஆங், வந்துகினே கீதும்மா."

நான் நினைவூட்டல் கடிதம் போட்டேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டினீர்கள். பீரோவுக்குள் கிடந்த மனுவை எந்த மகராசன் அங்கே உட்கார்ந்து பரிசீலித்தானோ.

செல்வியின் அப்பா வந்தார். அவளை ஒன்றும் செய்யமாட்டோம் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். போலீஸே அவளை அவரோடு அனுப்பிவிட்டது. நாலாம் நாள் வயிற்று வலியில் செத்துவிட்டாள் என்று சேதி வந்தது. நாம் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

மனு போய்ச் சேர்ந்திருந்தாலும் அதற்குள் சட்டம் வந்திருக்காது. தெரியும். ஆனால் நம் பேச்சை நம்பாமல் இருந்திருந்தால் அவள் பெங்களூர் போயிருப்பாள். அதன்பிறகு சாகிறவரை நீங்கள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பாவம் என்றும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

நேற்று அதே மனுவோடு நான் மட்டும் தலைமைச் செயலகம் போனேன். சால்வை கொண்டுபோகவில்லை. தபால் பிரிவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோருடைய போன் நம்பரையும் பக்கத்தில் எழுதச் சொன்னார் அங்கே இருந்தவர். இரண்டு பேருக்கு எழுத முடியவில்லை.

"இவங்க இல்லையா? அப்ப இந்த ரெண்டு பேரையும் அடிச்சிட்டுக் குடுங்கம்மா. செத்தவங்க கையெழுத்து செல்லாது."

"மனு பரிசீலனைல இருக்கும்போதுதாங்க ரெண்டு பேரும் செத்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எந்தப் பெயரையும் அடிக்காமலேயே சீல் குத்தினார்.

சீல் வாங்கிய நகல் என் பையில்தான் இருக்கிறது. உங்கள் பெயரை மட்டும் அடிக்கச் சொல்லியிருந்தால், இருந்த கோபத்துக்கு அடித்திருப்பேன் பாவா. உங்கள் பெயருக்குக் கீழே செல்வியுடையது இருக்கிறது. அப்பாவின் இன்ஷியலை விட்டுவிட்டுப் புருஷனின் இன்ஷியலை வைத்து அவள் போட்ட முதல் கையெழுத்து. சரியாக வந்திருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டாள்.