போன வாரத்து வெட்டுக்கிளி

கடவுள் துணை

ரமத் கான்,
ஞாயிறு காலை

என் கண்ணு நுரீத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அந்த மெல்போர்ன் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும், அதுதான் என் கவலை. போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. போனில் என்றால் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், நீ என்னம்மா என்னம்மா என்று கத்துவாய், விஷயம் வெளியே வராது. எதிர்வீட்டு மார்செலின் பேத்தி புதன்கிழமை உங்கள் ஊருக்குப் பறக்கிறாள் என்றதும் பேனாவை எடுத்துவிட்டேன். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு, உட்கார்ந்து படி.

எல்லாம் உன்னால் வந்த வினை. வாரங்களின் பண்டிகையை வெளிநாட்டுக்காரர்கள் நீங்கள் இரண்டு நாள் கொண்டாடுகிறீர்கள், எங்களுக்கு ஒரே நாள்தான். இந்த வருஷம் உங்கள் இரண்டாம் நாள் ஓய்வுநாளில் போய் விழுந்தது, நீங்கள் அன்றைக்குப் பண்டிகைக்கு உரியதை வாசித்தீர்கள், நாங்கள் வாரம் ஒரு பகுதியாக வாசித்துவரும் தோராவில் அடுத்த பகுதிக்குப் போய்விட்டோம். அன்றிலிருந்து நீங்கள் எங்களுக்கு ஒரு வாரம் பின்னால் வருகிறீர்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஜெப ஆலயத்தில் பெண்கள் உட்காரும் மாடிக்கு ஏற இந்த முழங்கால் ஒத்துழைக்காததால் இரண்டு வாரமாகக் காலைத் தொழுகைக்கு நான் போகவில்லை. எனக்கு வாரப் பகுதி என்றால் வியாழக்கிழமை போனில் நீ பேசியதுதான். நீயும், ஆண்டவன் வாக்களித்த நாட்டைப் பார்த்துவரப் போன அந்த வேவுகாரர்களைப் பற்றி அத்தனை அழகாகப் பேசினாய், நான் அதையே இரண்டு நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

நேற்று ஓய்வுநாள் சாயங்காலம் மூன்றாவது சாப்பாட்டுக்கு மட்டும் ஜெப ஆலயத்துக் கீழ்க்கூடத்துக்குப் போனேன். அங்கே வழக்கமாகப் பேசுகிறவர் சப்தாய், உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த பல்கேரியாக்காரப் பல் டாக்டர், ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர். மனைவி போனபிறகு ஒவ்வொரு வாரமும் அவர்தான் தோரா பேசுவார். நேற்று மனுஷருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, காற்றுதான் வருகிறது. நிர்வாகி குர்ஜி என்னைப் பார்த்து, என்ன நயீமா, வாரா வாரம் மாடியில உக்காந்துக்கிட்டு எல்லார் பேச்சுக்கும் முணுமுணுன்னு திருத்தம் சொல்றீங்கல்ல, இன்னிக்கு நீங்களே பேசுங்க பார்ப்போம் என்று மாட்டிவிட்டார். சும்மா விடுவேனா? எழுந்து நின்றேன்.

என்ன பேசினேன் தெரியுமா, நுரீத், உன் வேவுகாரர்களைத்தான். அந்த நாட்டு ராட்சதர்களுக்கு முன்னால் நாங்கள் வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம், அவர்கள் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தோம் என்று திரும்பி வந்து அழுதார்களே, அந்த இடம். நான் கேட்டேன், ஏனய்யா, உங்க கண்ணுக்கு நீங்க வெட்டுக்கிளி, சரி, அவங்க கண்ணுக்கு நீங்க எப்படித் தெரிஞ்சீங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது, போய்க் கேட்டீங்களா, கேட்காமலே நீங்களா முடிவு கட்டிக்கிட்டு நாற்பது வருஷம் வனாந்தரத்துல சுத்தினீங்களே என்று. கையை வேறு ஆட்டி ஆட்டிப் பேசினேன். ஒரு பக்கம் பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள், என் பேச்சு அவ்வளவு சுவை என்று நினைத்துக்கொண்டு இன்னும் குரலை உயர்த்தினேன். கடைசியில் குர்ஜி, அம்மா தாயே, வேவுகாரங்க போன வாரமே போயிட்டாங்க, இந்த வாரம் கலகம் பண்ணின கோராகு, பூமி வாயைப் பிளந்து அவனை முழுங்கியும் ஆச்சு, நீங்க போன வாரத்துப் பாத்திரத்தை இன்னிக்கு வந்து கழுவுறீங்களே என்றார். கூடமே கொல்லென்று சிரித்தது. அந்த பூமி என்னையும் விழுங்கித் தொலைத்தால் தேவலை என்று நின்றேன்.

அப்போதுதான் சப்தாய் மேசையைத் தட்டினார். அந்தக் கட்டைத் தொண்டையை வைத்துக்கொண்டு, யாரும் சிரிக்காதீங்க, அவங்க பிந்தலை, வேவுகாரங்க பயந்து பேசினதுலதான் ஜனங்க நாடு போய்ச் சேரமாட்டோம்னு மனசு விட்டாங்க, மனசு விட்ட ஜனங்கதான் கோராகு பின்னால போனாங்க, முன்கதையை விட்டுட்டுப் பின்கதையைப் பேச வந்தது நாமதான் என்றார். சொல்லி முடித்து ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். குர்ஜி எனக்கு ஒரு துண்டு மீன் எடுத்து வைத்தார்.

விண்மீன் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் சப்தாய் என்கூடவே நடந்து வந்தார், முழங்கால் வலியோடு தனியா போகாதீங்க என்று. மருந்துக்கடை திரும்பும் இடத்தில் நின்று ஏதோ சொன்னார். அந்தத் தொண்டையில் என்ன கேட்கும்? இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். கழுத்து வரை சிவந்துபோய்த் திரும்பச் சொன்னார். நயீமா, மாசக்கணக்கா இந்த முனை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போறேன், கேட்டா சிரிச்சிடுவீங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், உங்க பேச்சைக் கேட்டதும் வெட்கமாப் போச்சு, நான்தான் அந்த வெட்டுக்கிளி, இப்ப கேட்டுடறேன், என்னைக் கட்டிக்கிறீங்களா என்றார்.

ஐயோ நுரீத், நான் சிரிக்கத்தான் செய்தேன்! மருந்துக்கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் உன் அம்மா நடுத்தெருவில் நின்று ஒரு பல் டாக்டருக்குச் சரி சொல்லியிருக்கிறாள். ராத்திரி முழுக்கத் தலையணைக்கு அடியில் முகத்தை வைத்துச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். உன் அப்பாவின் படம் கூடத்தில் இருக்கிற இடத்திலேயே இருக்கும், அதைச் சப்தாயே முதலில் சொல்லிவிட்டார். அவரிடம் ஒரே குறை, நம் வீட்டு மாங்காய் ஊறுகாய் ஆம்பாவை நாக்கில் வைத்தாலே மூக்கிலும் கண்ணிலும் ஒழுகுகிறது. பழக்கிவிடலாம்.

சப்தாய் சொல்லிவிட்டார் போல, குர்ஜி இன்று காலையிலேயே வந்து, வர்ற வாரமே கல்யாணத்தை வெச்சுடலாம் என்று குதித்தார். முடியாது என்றேன். என் மக ஒரு வாரம் பின்னால நிக்கும்போது நான் கல்யாண விதானத்துக்குக் கீழே போய் நிக்க மாட்டேன் என்றேன். வருகிற ஓய்வுநாளில் நீங்கள் கோராகு வாசிப்பீர்கள், அதற்கடுத்ததில் இரண்டு பகுதியைச் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்து எங்களை எட்டிப் பிடித்துவிடுவீர்கள். பிலேயாமின் கழுதை வாய் திறந்து பேசும் வாரம். சப்தாய் மாப்பிள்ளைக்குத் தொண்டை சரியாகாவிட்டாலும் கழுதை பேசிவிடும் என்கிறார் குர்ஜி. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கல்யாணம். படைப்பில் ஆண்டவன் நல்லது என்று இரண்டு தடவை சொன்ன நாள், இரண்டாம் கல்யாணத்துக்கு வேறென்ன பொருத்தம் வேண்டும்? அதைவிட்டால் கல்யாணம் கூடாத துக்க வாரங்கள் தொடங்கிவிடும், காத்திருக்கணும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலையிலிருந்து ஐந்து தடவை உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். அப்பா போன இடத்தில் இன்னொருவரா என்று நீ முகம் சுளிப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டுதான். கூடத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினவள்தான். அதனால் நானாக எதையும் முடிவு கட்டவில்லையடி, உன்னையே கேட்கிறேன். உன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன்? விதானம் வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வருவாயா? நீ வந்தால்தான் எனக்கு அது கல்யாணம்.

ஆண்டவன் உன்னையும் உன் வீட்டையும் காத்து, உன்மேல் தன் முகத்தைப் பிரகாசிக்கச் செய்வானாக. குழந்தைகளுக்குத் தலைக்குக் குல்லாய் போடு. வரும்போது அந்த முழங்கால் தைலம் இரண்டு பாட்டில் எடுத்து வா, கல்யாணத்தில் ஆட வேண்டும்.

உன் அம்மா,
போன வாரத்து வெட்டுக்கிளி,
நயீமா